மரங்கொத்தி வாத்தியாரின் அலகு வலி

காட்டு அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார், தணிகாசலம் என்கிற மரங்கொத்தி. அங்கே கரும்பலகை கிடையாது. அடிமரத்தில் கொத்தித்தான் எண்களைச் சொல்லித்தருவார்.

ஒரு மழைக்காலத்தில் அவருக்கு அலகில் வலி கண்டது. மூன்று கொத்துக்கு மேல் கொத்தினால் உயிரே போகிற மாதிரி இருந்தது. அதனால் எந்தக் கணக்கானாலும் மூன்றோடு நிறுத்திக்கொண்டார்.

சோதனைக்கு வந்த கல்வி அதிகாரி கொக்கு, "அஞ்சும் ரெண்டும் எவ்வளவு?" என்று கேட்டார்.

"மூணு!" என்று அணில் பிள்ளைகள் ஒரே குரலில் கத்தின.

"என்னய்யா வாத்தியார் நீர்? வேலையை விட்டே தூக்கிடுவேன்!" என்று சீறினார் கொக்கு.

தணிகாசலம் சிறகால் அலகைப் பொத்திக்கொண்டார். "அலகு வலிங்க ஐயா. அதுக்கு மேல கொத்த முடியலை."

"வாத்தியார்களுக்கு இலவச வைத்தியம் இருக்கே. ஏன் எழுதிக் கேட்கலை?"

"நாலு தடவை ஆலிலையில எழுதி அனுப்பினேங்க. நாலையும் உங்க ஆபீஸ் குமாஸ்தா தின்னுட்டார்."

குமாஸ்தா ஓர் ஆடு. கொக்கு கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்று யோசித்தார். பிறகு தானே வைத்தியரை வரவழைத்து, சம்பளத்தோடு பத்து நாள் லீவும் கொடுத்தார்.

அடுத்த மாதம் கொக்கு வந்தபோது பள்ளி மரமே அதிர்ந்துகொண்டிருந்தது. ஒன்றும் ஒன்றும் எவ்வளவு என்று காட்ட, தணிகாசலம் கண்ணை மூடிக்கொண்டு இருபது கொத்துக் கொத்தினார்.

கொக்கு பதறிப்போய்ப் பக்கத்திலிருந்த அணிலிடம், "என்ன கணக்கு இது?" என்று கேட்டார்.

"விடை ரெண்டுதாங்க ஐயா" என்றது அணில். "மீதி பதினெட்டும் வாத்தியாரோட சந்தோஷம்."