வழி யார் விடுவது

நெடுஞ்சாலையில் வண்டிகள் ஏறும் வழிக்கும் இறங்கும் வழிக்கும் நடுவே இன்னும் தூரம் வேண்டும் என்று சாலைக்கு வரைபடம் போட்ட ஊட்டா மன்றாடினாள். எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கவில்லை. ரொட்டிக்கடைக்குப் பக்கத்திலேயே இறங்கியாக வேண்டும் என்றார்கள். ஏறி வந்த லாரியும், இறங்கத் திரும்பிய ஊட்டாவின் கணவன் ஹோல்கரின் காரும் அந்தக் குறுகிய இடத்தில் மோதின. ஹோல்கர், லாரிக்காரர் இருவருமே பிழைக்கவில்லை.

பிறகு இறங்கும் வழியைப் பெயர்த்தெடுத்து பிர்ச் மரக்கன்றுகள் நட்டோம்.

இன்று மாலை நான் வேலை பார்க்கும் சாலை அலுவலகத்தின் கேமராவில் ஹோல்கரின் பச்சைக் காரைப் பார்த்தேன். வலது விளக்கைச் சிமிட்டியபடி கன்றுகளுக்குள் இறங்கியது. ஒரு கன்றும் சாயவில்லை.

ஊட்டா வீட்டுக்கு ஓடினேன். வாசலில் சேறு அப்பிய ஆண்கள் காலணி இரண்டு ஜோடி கிடந்தது. மேசையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, மூன்று தட்டுகள்.

"ஊட்டா, ஹோல்கரோட கார்..."

"தெரியும்டி, தினம் வர்றார். இன்னிக்கு அந்த லாரிக்காரரையும் கூட்டிட்டு வந்திருக்கார்." அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். "யாரு வழி விட்டிருக்கணும்னு ரெண்டு பேரும் இன்னும் பேசி முடிக்கலை."

ஆளில்லாத இரண்டு நாற்காலிகளுக்கு முன்னால், உப்புக் குப்பி மெல்ல நகர்ந்து மிளகுக் குப்பியை நெருங்கிக்கொண்டிருந்தது.