கட்டம் கட்டமாக ஓர் இறுதி ஆட்டம்

"இப்ப வருதா?" கூரைமேலிருந்து ஹெல்வி கத்தினாள்.

"ஒரு மூக்கு மட்டும் வருது!" என்று வெர்ன் திருப்பிக் கத்தினார். டிவி திரையின் நடுவில் யாரோ ஒருவருடைய மூக்கு அசையாமல் நின்றது. அதைச் சுற்றி நிறங்கள் சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்தன. பிறகு மூக்கும் போய்விட்டது.

தெற்கே, மின்னசோட்டாவின் தலைநகரில், பெண்கள் பள்ளி ஐஸ் ஹாக்கியின் மாநில இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. கோல் காத்து நிற்பவள் வெர்னுடைய பேத்தி பிரிட்டா. ஊரே பஸ் பிடித்துப் போய்விட்டது. இடுப்பு எலும்பு மாற்றிக்கொண்ட வெர்ன் மட்டும் நடைச் சட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துணையாக அவர் மனைவி ஆர்டிஸும் போகவில்லை.

ஹெல்வி இறங்கி வந்து பூட்ஸிலிருந்த பனியைத் தட்டினாள். அந்த வட்டாரத்தில் ஆன்டெனா மாட்டுகிறவள் அவள் ஒருத்திதான்.

"ஆன்டெனா நல்லாத்தான் இருக்கு வெர்ன். சிக்னலைக் கூட்ட நீங்க கோடையில வாங்கி மாட்டின பூஸ்டரும் நல்லாத்தான் இருக்கு. வேற எதுவோ குறுக்கே வருது."

"என் தலையெழுத்துதான் குறுக்கே வருது! இலையுதிர் காலத்துல படம் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. அப்ப எல்லாம் இந்தப் பொண்ணு கோல் மேல கோல் விட்டா, நான் உக்காந்து முழுசாப் பாத்தேன். ஜனவரியிலேருந்து சிங்கம் மாதிரி ஆடறாளாம். எனக்குத் தெரியறது இந்தக் கட்டம்தான்."

"போன்ல பாக்கலாமே?"

"உள்ளங்கை அளவு திரையில அந்த ரப்பர் வட்டு எங்கேருந்து தெரியும்? எனக்கு அவ ஆடறதைப் பாக்கணும், ஹெல்வி. இது அவளோட கடைசி வருஷம்."

"கவலைப்படாதீங்க, இன்னிக்கு அவதான் ஜெயி..."

"வாயை மூடு!" வெர்ன் நடைச் சட்டத்தைத் தரையில் இடித்தார். "ஆட்டம் முடியறதுக்குள்ள அந்த வார்த்தையை இந்த வீட்டுல யாரும் சொல்லக் கூடாது."

ஹெல்வி வாயில் பூட்டுப் போடுவதுபோல் சைகை காட்டிவிட்டு, டிவிக்குப் பின்னால் குனிந்தாள். சமையலறையில் ஆர்டிஸ் சூப் கிண்டிக்கொண்டிருந்தாள். மேலங்கிப் பையில் அவளுடைய போன் ஒருமுறை நடுங்கியது.

"ஒண்ணு - சைபர். நாமதான் முன்னால," என்றாள், திரும்பாமலே.

அந்த ஒரு கோல் எப்படி விழுந்தது, பிரிட்டா எப்படிக் குதித்தாள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வெர்ன் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அடக் கடவுளே!" டிவிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "இங்க யாரு இதைக் கொண்டுவந்து வச்சது?"

ஹெல்வியின் கையில் ஒரு வெள்ளைப் பெட்டி இருந்தது. செல்போன் கோபுரத்திலிருந்து இணையத்தை இழுத்து வீட்டுக்கு வைஃபை கொடுக்கிற பெட்டி.

"பூஸ்டரோட ஒட்டி உக்காந்திருக்கு. காதுக்குள்ள வாயை வச்சுக் கத்தற மாதிரி. அப்புறம் அந்தப் பாவப்பட்ட டிவிக்கு வேற என்ன கேக்கும்?"

"அது சமையலறை ஜன்னல்லதானே இருந்துச்சு!" என்றார் வெர்ன். "ஆர்டிஸ்?"

ஆர்டிஸ் சூப்பைக் கிண்டினாள்.

ஹெல்வி பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினாள். திரை ஒரு கணம் இருண்டது. பிறகு கட்டங்கள் எல்லாம் ஒன்றாகக் கூடி, வெள்ளை வெளேரென்று பனித்தளம் விரிந்தது. அதன் ஓரத்தில், வலைக்கு முன்னால், முழங்கால் மடக்கி நின்றாள் பிரிட்டா. முகமூடிக் கம்பிக்குள் அவள் கண்கள்கூடத் தெரிந்தன.

வெர்ன் நாற்காலியில் முன்னால் சாய்ந்தார்.

நீலச் சட்டைக்காரி ஒருத்தி பாய்ந்து வந்தாள். மட்டை சுழன்றது. வட்டு பிரிட்டாவின் தோளுக்கு மேலே பறந்து வலைக்குள் விழுந்தது. ஒன்றுக்கு ஒன்று.

"அதைத் திரும்ப அங்கேயே வை, ஹெல்வி." ஆர்டிஸ் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார் வெர்ன்.

"அங்க வச்சது பிரிட்டாதான்." ஆர்டிஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "ஜனவரியில ஜன்னலைத் துடைக்கறப்ப எடுத்து டிவி பின்னால வச்சா. படம் போச்சு. அன்னிக்குதான் முதல் தடவையா ஆட்டம் அவங்க பக்கம் திரும்புச்சு. அதுக்கப்புறம் என்னை எடுக்கவே விடல. நீ பாத்த ஒவ்வொரு ஆட்டமும்... உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அழுதா, வெர்ன்."

திரையில் மூன்றாவதும் கடைசியுமான பகுதி முடிந்து சங்கு ஊதியது. இன்னும் ஒன்றுக்கு ஒன்றுதான். இனிக் கூடுதல் நேரத்தில் யார் முதலில் கோல் போட்டாலும் கோப்பை அவர்களுக்கு. பிரிட்டா முகமூடியைத் தூக்கித் தண்ணீர் குடித்தாள். பதினெட்டு வயது முகம், வேர்த்துச் சிவந்து, மிகத் தெளிவாக.

வெர்ன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு நடைச் சட்டத்தை ஊன்றி எழுந்தார். ஹெல்வியின் கையிலிருந்து பெட்டியை வாங்கினார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்து, பூஸ்டரை ஒட்டி வைத்து, மின்கம்பியைச் செருகினார். பிரிட்டாவின் முகம் சதுரம் சதுரமாக உதிர்ந்தது.

நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, கண்களை மூடிக்கொண்டார்.

"ஆர்டிஸ், ரேடியோவுல கேட்டா பரவாயில்லையா?"