குகைக் கதவுக்கு இந்தப் பக்கம்

ஜெயசீலன் வேறொருத்தியோடு குடிபோனபோது வீடியோ கேம் பெட்டியை மட்டும் மறந்துவிட்டான். அதற்குப் பிறகு ஒரு வருடமும் அவன் மனைவி ஷர்மிளா அதை விளையாடித் தீர்த்தாள். கார் பந்தயத்தில் அவன் வைத்திருந்த முதலிடங்களை ஒவ்வொன்றாகப் பறித்தாள். பண்ணை விளையாட்டில் அவன் வளர்த்த மாடுகளைப் பட்டினி போடப் பார்த்து, மனசு வராமல் தீவனம் வைத்தாள். மாடுகள் என்ன செய்யும், பாவம். மிச்சமிருந்தது டிராகன் விளையாட்டு. அதன் வீரனுக்குத் தன் பெயரையே வைத்திருந்தான் ஜெயசீலன். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் உட்கார்ந்து வாளும் கவசமும் சேர்த்தானே தவிர, கடைசியில் வரும் டிராகனிடம் போகத் துணிந்ததேயில்லை.

இன்று பெட்டியைக் கேட்டு வந்து வாசலிலேயே நின்றான்.

"என் கேம் எதையும் அழிச்சுடலையே?"

"ஒண்ணையும் அழிக்கல. டிராகன் குகை வரைக்கும் நானே கொண்டுபோய் விட்டிருக்கேன்."

"நீயா? அவ்ளோ தூரமா?" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "தேங்க்ஸ் ஷர்மி."

அவள் பெட்டியைத் துடைத்து, ஒயரைச் சுற்றி, இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்த விளையாட்டில் பழைய இடத்துக்குத் திரும்பிப்போக வழி கிடையாது. உள்ளே போனதும் தானாக மூடிக்கொண்ட குகைக் கதவுக்கு இந்தப் பக்கம், டிராகனுக்கு எதிரே, ஜெயசீலன் என்ற வீரன் நின்றுகொண்டிருந்தான். அவன் வாளை அவள் சந்தையில் விற்றிருந்தாள். கவசத்தை வழியில் பார்த்த ஒரு பிச்சைக்காரனுக்குக் கொடுத்திருந்தாள். டிராகன் ஒரு கண்ணை மட்டும் திறந்திருந்தது.