தும்மினால் திறக்கும் கதவு

ஒரு பட்டியில் வெள்ளச்சி என்றொரு ஆடு இருந்தது. வெளியே அகத்தி மரம் தளதளவென்று நின்றது. பட்டிக்கதவுக்கோ கொண்டி போட்டிருந்தது. ஒருநாள் வெள்ளச்சி தும்மிவிட்டு மூன்று சுற்றுச் சுற்றியபோது, கொம்பு பட்டுக் கொண்டி கழன்றுவிட்டது. அன்றிலிருந்து தினமும் முதலில் தும்மல், பிறகு மூன்று சுற்று, அப்புறம்தான் கொம்பு.

இன்று பார்த்துத் தும்மல் வரவில்லை. வீட்டுக்கார அம்மாவோ கீரை பறிக்கத் தொரட்டியோடு மரத்தடிக்கு வந்துவிட்டாள்.

“அடியே, கொம்பால தட்டுடி, போதும்!” என்றது செவலைக் கோழி.

“தும்மாம எப்படிக்கா திறக்கும்? தெரியாம பேசாதீங்க.”

கோழி பொறுக்கமாட்டாமல் தானே அலகால் கொண்டியைத் தள்ளியது. கதவு ஆவென்று திறந்துகொண்டது.

“ஓடுடி!”

வெள்ளச்சி ஓரடி எடுத்து வைத்தது, உடனே பின்வாங்கியது. “முறைப்படி திறக்கலையேக்கா, மனசு கேக்கல” என்று மூக்கை வைக்கோலில் தேய்த்துக்கொண்டு நின்றது.

எந்தச் சாமி இரங்கியதோ, ஒருவழியாகத் தும்மல் வந்தது. மூன்று சுற்றுச் சுற்றி, திறந்து கிடந்த கதவையே கொம்பால் ஒரு முட்டு முட்டிவிட்டு, துள்ளிக்கொண்டு ஓடியது.

மரம் மொட்டையாக நின்றது.

வெள்ளச்சி திரும்பிக் கோழியை முறைத்தது. “பாத்தீங்களா? நீங்க தும்மாம திறந்தீங்கல்ல, அதான் அத்தனை இலையும் போச்சு!”