வலது பக்கம் திரும்பிய விமானம்

பெத்த அப்பாவையே காட்டிக் கொடுத்தவள் என்று அலுவலகம் முழுக்க அவளுக்குப் பெயராகிவிட்டது.

அப்பா கேப்டன். மகள் அதே கம்பெனியில் துணை விமானி. முதல் தடவையாக இரண்டு பேரையும் ஒரே விமானத்தில் போட்டிருந்தார்கள். போகும்போது எல்லாம் அமர்க்களம்தான். திரும்பி வரக் கிளம்பியபோதுதான் வந்தது வினை.

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும், கிளம்பிப் போகும் வழி என்று ஒரு வரைபடம் உண்டு. எவ்வளவு உயரம் நேரே ஏற வேண்டும், எங்கே, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றெல்லாம் அதில் போட்டிருக்கும். கிளம்புவதற்கு முன்னால் ஒருவர் அதை வாய்விட்டுப் படிக்க, மற்றவர் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். நூறு தடவை போன இடமானாலும் சரி, படித்தே ஆக வேண்டும்.

அந்த ஊரில் கிளம்பியதும் இடது பக்கம் திரும்ப வேண்டும். வலது பக்கம் மலை. கேப்டன் வலது பக்கம் திருப்பினார்.

மகள் சட்டென்று விமானத்தைத் தன் கைக்கு வாங்கி இடது பக்கம் கொண்டுவந்துவிட்டாள். பின்னால் இருந்த பயணிகளுக்கு ஒன்றும் தெரியாது. கீழே கட்டுப்பாட்டு அறையில்கூட யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

கமுக்கமாக இருந்திருக்கலாம் இல்லையா? இறங்கினதும் இறங்காததுமாக மேலதிகாரியிடம் போய், வழியைக் கேப்டன் தப்பாகப் படித்துவிட்டார், சரிபார்க்கும்போது நானும் கோட்டை விட்டுவிட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள் மகராசி.

விமானிகள் ஓய்வறையில் அப்புறம் சும்மா இருப்பார்களா? தலையெழுத்து, பெண் என்று ஒன்றைப் பெற்றால் இப்படியா என்றார் ஒருவர். தன் மேல் பழி வராமலிருக்க முந்திக்கொண்டாள் என்றார் இன்னொருவர். அவள் உள்ளே வந்தால் பேச்சு நின்றுபோகும். அவளும் தன் காபியை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிடுவாள்.

இத்தனைக்கும் கம்பெனி அவரைக் கடித்துக் குதறவில்லை. மறுபடி கொஞ்சம் பயிற்சி, ஒரு பரீட்சை, அப்புறம் பழையபடி ஓட்டலாம் என்றுதான் சொன்னது. கேப்டனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது கோபம்.

"நான் சரியாத்தான் படிச்சேன். என் சர்வீஸ்ல ஒரு தடவைகூடத் தப்பாப் படிச்சதில்லை. இந்த வயசுல எனக்குப் பாடம் எடுக்கப் போறீங்களா?"

அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வீசி, ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. அவள் ஹாலுக்கு வந்தால் இவர் எழுந்து அறைக்குள் போய்விடுவார். அவள் தட்டு வைத்தால் தொட மாட்டார், மனைவி வைத்தால்தான் சாப்பிடுவார். ஓய்வு பெறும் நாளில் எல்லாரும் வரிசையாக நின்று கைகொடுக்க, கௌரவமாக இறங்கி வர வேண்டியவர். இப்போது அழுக்கு லுங்கியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை மனைவிக்கு.

கடைசியில் ஒருநாள் பொறுமை போய்விட்டது. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஊர் உலகத்துல ஒருத்தருக்கும் தெரியாத தப்பு. அதை நீ ஏன்டி எழுதிக் கொடுத்தே? உன்னைத் தோள்ல தூக்கிட்டுப் போய் விமானத்தைக் காட்டின மனுஷன்டி அவர். உனக்கு ஈவு இரக்கமே இல்லையா?"

மகள் குழாயை மூடினாள். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகப் பேசினாள்.

"அப்பா சொல்றது நிஜம்மா. அவர் சரியாத்தான் படிச்சார். இடது பக்கம்னு சத்தமாப் படிச்சார், நானும் விரல் வெச்சுப் பார்த்தேன்."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்புறம் ஏன்டி தப்பாப் படிச்சாருன்னு எழுதினே?"

"படிக்கறதுல யார் வேணா தப்புப் பண்ணலாம்மா, அதுல அசிங்கம் இல்லை. அப்படி எழுதினா ரோஷத்துல அவரே வேலையை விட்டுடுவார்னு தெரியும். விடாம இருந்திருந்தா, நடந்ததை அப்படியே சொல்லியிருப்பேன். அப்புறம் எல்லாரும் அவரை எப்படிப் பார்ப்பாங்க?"

"நடந்ததுன்னா? என்னடி நடந்தது?"

மகள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகவும், அம்மாதான் எதையாவது சொல்லி அவரை அழைத்துவர வேண்டும் என்றும் சொன்னாள்.

"நான் சின்னப் பிள்ளையா இருந்தப்போ அப்பா ஒரு குட்டி ஏர்போர்ட்டுக்குப் போயிட்டுத் தினமும் திரும்பி வருவாரே, அங்கே கிளம்பினா வலது பக்கம்தான் திரும்பணும். மேலே ஏறினதும் அவர் அங்கே போயிட்டார்மா. நான் இடது பக்கம் திருப்பினதும் கோபிக்கலை. என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினார்."

"என்னன்னு?"

"'சீக்கிரம் வீட்டுக்குப் போகணும் மேடம், என் பொண்ணு காய்ச்சலோட கிடக்கறா, நான் போனாத்தான் தூங்குவா'ன்னு என்கிட்டயே சொன்னாரும்மா."