தெரிந்திருந்தால்

“இதுல நான் கையெழுத்து போட மாட்டேன் சார்.”

சபுரா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டாள். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே வக்கீல் நரசிம்மனின் அறை அது. அவருக்கோ நல்ல பசி. புருஷனும் பெண்டாட்டியும் குழந்தையோடு கடப்பாக்கத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்களே என்று பொறுத்துக்கொண்டார்.

சிக்கலே இல்லாத கேஸ். அவர்கள் குழந்தை ஜன்னாவுக்குப் பிறவியிலேயே முதுகுத்தண்டில் குறை. கால் இரண்டும் அசையாது. ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்திருக்க வேண்டியதை டாக்டர் ஹெலன் சொல்லவில்லை என்று நஷ்டஈடு கேட்கிறார்கள். வீட்டிலிருந்த ஸ்கேன் ரிப்போர்ட் எங்கோ தொலைந்துவிட்டது. அதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளலாம். குழந்தைக்கு இரண்டு வயது முடிவதற்குள் கேஸ் போட்டாக வேண்டும். இன்னும் நான்கே நாள்.

“எந்த வரிம்மா இடிக்குது?”

அவள் தொட்டுக் காட்டினாள். ‘குறை இருப்பது தெரிந்திருந்தால் கருவைக் கலைத்திருப்பேன்.’

அந்த வரி இல்லாவிட்டால் கேஸே நிற்காது என்றார் வக்கீல்.

“நிக்காட்டி போவுது. எம்பொண்ணு நாளைக்கு எழுத்து கூட்டிப் படிப்பா. பெத்தவளே என்னை வேணாம்னு எழுதிக் குடுத்துகீறான்னு அவ படிக்கணுமா?”

அவள் புருஷன் தமீமுக்குச் சுள்ளென்று வந்தது. மடியில் இருந்த ஜன்னா அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் என்ன, பிள்ளையை வெறுக்கிறவனா? ஆபரேஷன், பிசியோதெரபி, சக்கர நாற்காலி என்று அடுக்கினான். வெறும் எழுத்துதானே என்றான். ஒரு மொபைல் ரிப்பேர் கடையை வைத்துக்கொண்டு எதையென்று பார்ப்பது என்று கேட்டான். பாவம், அவன் கேட்டதிலும் தப்பில்லை.

“நானும் வேலைக்குப் போறேங்க. ரெண்டு பேருமா பார்த்துக்கலாம். பொய் எழுதி வாங்குற காசு இவளுக்கு வேணாம்.”

நரசிம்மன் பெருமூச்சு விட்டார். இருபது வருஷ பிராக்டீஸில் இப்படி ஒரு பிடிவாதக்காரியை அவர் பார்த்ததில்லை.

“சரிம்மா, அந்த வரிய எடுத்துடறேன். மேல இருக்கிற வரியாவது இருக்கட்டும். ‘டாக்டர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை.’ அது ஒண்ணும் பொய் இல்லையே?”

சபுரா புருஷனின் மடியிலிருந்து ஜன்னாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அதுவும் பொய்தான் சார். ஸ்கேன் ரூமுக்குள்ள இவர வுடல. டாக்டரம்மா படத்தக் காட்டி எல்லாத்தையும் சொன்னாங்க. வெளிய வந்து, ‘புள்ள நல்லாகீதாம்’னு இவராண்ட சொன்னது நாந்தான்.”