முதல் ஷாட்டுக்குப் போன பென்சில் மீசை

அன்று ஒப்பனைத் தட்டில் இருந்தவர்கள் முறுக்கு மீசை, தொங்கு மீசை, பென்சில் மீசை, ஆக மூவர். இன்ஸ்பெக்டர் வேடம் முறுக்கு மீசைக்கு என்றுதான் முடிவாகியிருந்தது. ஆனால் அதை ஒட்டியதும் கதாநாயகர் அடுக்கடுக்காகத் தும்மத் தொடங்கிவிட்டார். ஒப்பனைக்காரர் அதைப் பிய்த்துத் தட்டில் போட்டுவிட்டு, கைக்கு எட்டிய பென்சில் மீசையை அவசரமாக ஒட்டினார்.

"யோகம்தான்டா ஒல்லிப்பயலே! முதல் ஷாட்டுல இருக்கிற மீசைதான் படம் முடியிற வரைக்கும். அதுவரை தாங்குவியா?" என்றது முறுக்கு மீசை.

"இவருக்கு ரொம்ப வேர்க்குதுண்ணே," என்றது பென்சில் மீசை. அதன் இடது நுனியில் பசை இளகிக்கொண்டிருந்தது.

"வாய்விட்டுச் சிரிக்கிற காட்சியாம்," என்று தொங்கு மீசை தன் பங்குக்கு எடுத்துக்கொடுத்தது.

கேமரா ஓடியது. கதாநாயகர் சிரித்தார். பென்சில் மீசை மூச்சைப் பிடித்துக்கொண்டு உதட்டோடு ஒட்டிக்கிடந்தது.

"ஓகே!" என்று கத்தினார் இயக்குநர். "இந்த வேஷத்துக்கு வேற மீசையை நினைச்சே பார்க்க முடியலையே!"

எல்லாரும் தலையாட்டினார்கள், ஒப்பனைக்காரர் உட்பட. இனிப் பயமில்லை என்று பென்சில் மீசைக்கும் தெரியும். ஆனாலும் அது மெல்லத் திரும்பித் தட்டைப் பார்த்தது. அங்கே இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள்.